யார் இந்த வேதவல்லி?

“ஓப்பன் சோர்ஸ்னா என்னா அர்த்தம்? தொறந்து கெடக்குதுன்னு அர்த்தம். தொறந்து கெடக்கிற வீட்டுல நாய் பூந்துச்சுன்னா, நாயவா குத்தம் சொல்லுவீங்க?”

சொல்லிவிட்டு, கைதட்டலை எதிர்பார்ப்பவர்போல கமலக்கண்ணன் சுற்றிலும் பார்த்தார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். கரைமகள் அறக்கட்டளையின் பொருளாளர். கம்ப்யூட்டரை அவர் சுவர் சுவிட்சைத் தட்டித்தான் அணைக்கிறார் என்பதை உள்ளே வந்த பத்தாவது நிமிடத்திலேயே ஜெயசித்ரா பார்த்துவிட்டிருந்தாள்.

அவள் பதினாறு வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக் கொடுத்த பிறகு, புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஒரு மாடியறை எடுத்துத் துப்பறியும் தொழில் நடத்துகிறவள். அந்தப் பதினாறு வருடம் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்: தெரியாத விஷயத்தைத் தடுமாறாமல் விளக்குகிறவன் ஒன்று முட்டாள், இல்லை பொய்யன். சிக்கனக்காரனாக இருந்தால் இரண்டையும் ஒரே ஆளாக முடித்துக்கொள்வான்.

“நாய் பூந்துச்சு சரி, முசியே,” என்றார் அவளுடைய உதவியாளர் கண்ணையன், பிரெஞ்சு மரியாதை குறையாமல். “பேப்பர் ஒட்டுற நாய இன்னைக்குத்தான் கேள்விப்படுறேன்.”

கண்ணையனுக்கு ஐம்பத்தெட்டு வயது. மில்லில் அறுந்த நூலின் நுனியைத் தேடி முடிச்சுப் போடுவது அவர் வேலையாக இருந்தது. மில்லை மூடியவர்களால் அவர் வாயை மூட முடியவில்லை.

விஷயம் சிரிக்கிற மாதிரியானது அல்ல. கரைமகள், மீனவப் பெண்களுக்காக நடக்கும் அறக்கட்டளை. குடித்துவிட்டு அடிக்கும் புருஷனிடமிருந்து விலக நினைக்கிற பெண்களுக்குத் தங்க இடமும் வழக்குச் செலவும் தரும். யாருக்குத் தருகிறது என்பது வெளியே தெரியாது. தெரியக் கூடாது. நான்கு நாளைக்கு முன், அனுப்பியவர் பெயர் இல்லாத தபால் உறை ஒன்று குப்பத்துப் பஞ்சாயத்துக் கூடத்துக்கு வந்தது. உள்ளே அந்தப் பெண்களின் பட்டியல். எவனோ அதை எடுத்து ஏலக் கூடத்துச் சுவரில் ஒட்டினான். மீன் ஏலம் முடிவதற்குள் ஊரே படித்துவிட்டது. அன்று மதியம் குப்பன் என்பவன் தன் மனைவி அன்புசெல்வியின் வலது கையை உடைத்தான்.

அறக்கட்டளை அந்த மாதம் முழுக்க இரண்டு கணக்கு மென்பொருள்களைச் சோதனை பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்று, காசு கொடுத்து வாங்கும் ‘நிதிமணி’. மற்றது, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய, நிரல் வெளிப்படையாக இருக்கிற ஒன்று. அதைப் பரிந்துரைத்தவள் கணக்காளர் கவிநிலா. பட்டியல் அதிலிருந்துதான் கசிந்தது என்று கமலக்கண்ணன் அன்றைக்கே தீர்ப்புச் சொல்ல, கவிநிலாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எதை வாங்குவது என்று இன்று நான்கு மணிக்கு அறங்காவலர் குழு முடிவு செய்யப்போகிறது. இப்போது பதினொன்றரை.

“நாலு மணிக்குள்ள எனக்கு உண்மை தெரியணும்மா,” என்றார் தலைவி பாக்கியலட்சுமி. மீன் கூடை சுமந்து வளர்ந்த கை மேசைமேல் இறுகிக் கிடந்தது. “அந்தப் பொண்ணு பண்ணியிருந்தா போலீசுல குடுப்பேன். பண்ணலன்னா அவ மொகத்துல நான் எப்புடி முழிப்பேன்?”

சுவரிலிருந்து கிழித்து வந்த தாளை ஜெயசித்ரா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பெயர், ஊர், உதவியின் காரணம் என்று மூன்று பத்தி. பக்கத்தில் கிடந்த வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து அதன்மேல் வைத்தாள். பட்டியல் ஒரு விரல் அளவு குட்டை.

“மேல்பக்கம் கத்தரிச்சிருக்காங்க.”

“தலைய வெட்டிட்டு முண்டத்த மட்டும் அனுப்பியிருக்கான்,” என்றார் கண்ணையன். “தலைல பேரு இருந்திருக்கும்.”

ஜெயசித்ரா முதல் வரியில் விரல் வைத்தாள். “வேதவல்லி. ஊர் இல்ல, காரணமும் இல்ல. யாரும்மா இது?”

பாக்கியலட்சுமி நெற்றியைச் சுருக்கினார். “பக்கத்துக் குப்பம்னு நெனச்சேன். அங்க கேட்டா, எங்க ஊர்ல அப்புடி யாருமே இல்லன்றாங்க.”

“கவிநிலா தப்பா அடிச்சிருப்பா,” என்றார் கமலக்கண்ணன், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. “சின்னப் பொண்ணு. ஓசில கெடைக்கிறத நம்புனா இப்புடித்தான்.”

திருடு போன வீட்டில் சாப்பாட்டு நேரத்தைப் பற்றிக் கவலைப்படும் விருந்தாளியைப் பார்ப்பதுபோல ஜெயசித்ரா அவரைப் பார்த்தாள். பிறகு தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

கவிநிலாவின் வீடும் முதலியார்பேட்டையில்தான். கதவைத் திறந்தவள் கண்கள் வீங்கியிருந்தன. கையில் பாதி தோல் உரித்த வெங்காயம் இருந்ததால் காரணம் எதுவென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

“வேதவல்லியா?” என்றாள். “எங்க லிஸ்ட்ல முப்பது பேருதான், மேடம். முப்பது பேரையும் எனக்குத் தெரியும். யார் வீட்டுக்குப் போன் பண்ணக் கூடாது, யாருக்கு எத்தன மணிக்குப் பண்ணலாம்னு வரைக்கும் தெரியும். வேதவல்லின்னு யாருமே இல்ல.”

“ஓப்பன் சோர்ஸ்னா ஊரே பாக்கும்ன்றாரே உங்க பொருளாளர்?”

அவள் முகத்தில் அலுப்பு படர்ந்தது. “தொறந்திருக்கிறது நிரல் மேடம். அது எப்புடி வேல செய்யுதுன்னு யார் வேணாலும் படிக்கலாம். நாம உள்ள எழுதுற பேர யாரும் பாக்க முடியாது. அவருக்கு மூணு தடவ சொன்னேன்.”

“மீன்கொழம்பு எப்புடி வெக்கிறதுன்னு ஊருக்கே தெரியும்,” என்றார் கண்ணையன். “அதுக்காக உன் வீட்டுச் சட்டில நான் கைய வுட முடியுமா?”

நான்கு நாளில் முதல் தடவையாக அவள் சிரித்தாள்.

“அது ஏன் வேணும்னு நெனச்சே?” என்று கேட்டாள் ஜெயசித்ரா.

“கடைக்காரங்களுக்குச் செஞ்ச சாஃப்ட்வேர் லாபம் எங்கன்னு கேக்கும். நமக்கு ஏது லாபம்? தங்குற எடத்துக்குன்னு ஒருத்தர் குடுப்பாங்க, படிப்புக்குன்னு ஒருத்தர் குடுப்பாங்க. ஒண்ண எடுத்து இன்னொண்ணுல போடக் கூடாது. இதுல அத தனித்தனியா நமக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம். நாளைக்கு வேற எதுக்காவது மாறணும்னாலும் நம்ம கணக்க நாம எடுத்துக்கினு போலாம், யார் கிட்டயும் சாவி கேட்டு நிக்க வேணாம்.” கொஞ்சம் தயங்கினாள். “கொறையும் இருக்கு. கெட்டுப்போச்சுன்னா போன் பண்ணிக் கூப்புட ஆள் கெடையாது. நான்தான் பாக்கணும். அதையும் எழுதித்தான் குடுத்தேன்.”

பரிந்துரைக்கிற பொருளின் குறையைத் தானே எழுதிக் கொடுக்கிறவள் திருடியாக இருக்க வாய்ப்பில்லை என்று ஜெயசித்ராவுக்குப் பட்டது. ஆனால் படுவதை வைத்துப் பாக்கியலட்சுமியின் முன் நிற்க முடியாது.

“நிதிமணிய போட்டுக் குடுத்தது யாரு?”

“சரத்குமார்னு ஒரு டீலர். லாஸ்பேட்டைல கடை. அதுல லிஸ்ட்ட ஏத்துனதும் அவருதான்.”

லாஸ்பேட்டைக் கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியதும் கண்ணையன் இறங்கவில்லை. அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“சித்ராம்மா, நாம தேடி வந்த பொம்பள, அதோ, மேல ஏறி உக்காந்துகினு இருக்காங்க.”

ஜெயசித்ரா தலையை உயர்த்தினாள். நீல நிறப் பலகையில் மஞ்சள் எழுத்து: ஸ்ரீ வேதவல்லி கம்ப்யூட்டர்ஸ்.

உள்ளே குளிர்சாதனம் ஓடியது. சுவரில் மாலை போட்ட வயதான ஓர் அம்மாளின் படம், கீழே சிவப்பு விளக்கு. படத்துக்கு அடியில் சரத்குமார், விற்பதற்கென்றே பிறந்த பற்களைக் காட்டிக்கொண்டு எழுந்தான்.

“வாங்க மேடம். கடையா, கம்பெனியா, டிரஸ்டா?”

“வேதவல்லி.”

“எங்கம்மா!” அவன் முகம் மலர்ந்தது. “அவங்க பேர்லதான் எல்லாமே. எங்க சாஃப்ட்வேர் போட்டாலும், எந்த லிஸ்ட்டா இருந்தாலும், மொத என்ட்ரி எங்கம்மா பேருதான். பிள்ளையார் சுழி மாதிரி. அப்புறம் கஸ்டமர் வேணும்னா அழிச்சிக்குவாங்க.”

இவ்வளவு சுலபமாகவா? ஜெயசித்ராவுக்கு அவன்மேல் ஏறக்குறையப் பரிதாபமே வந்தது. குற்றத்தில் அம்மா பெயரைக் கையெழுத்தாகப் போட்டுவிட்டுப் போகிற புத்திசாலி! தாளைப் பிரித்து அவன் முன் வைத்தாள்.

“உங்கம்மா ஏலக் கூடத்துச் சுவத்துல ஒட்டியிருந்தாங்க. அவங்களுக்குக் கீழ முப்பது பொம்பளைங்க. ஒருத்திக்குக் கை ஒடஞ்சிருக்கு. நாலு மணிக்கு உங்க சாஃப்ட்வேர வாங்க ஓட்டுப் போடப்போறாங்க. கவிநிலாவோடத அசிங்கப்படுத்துனா உங்களோடது விக்கும். சரிதானே?”

சரத்குமாரின் பற்கள் மறைந்தன. தாளைப் பார்த்தான். பிறகு அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பினான்.

“மேடம், இது என் டிரையல்ல அடிச்சதில்ல.”

“அம்மா பேரு இருக்கு, அப்புறம் என்னா?” என்றார் கண்ணையன்.

“சாஃப்ட்வேர் என்னோடதுதான். ஆனா அந்த ஆபீஸ்ல போட்டது டிரையல். காசு கட்டாம எந்தத் தாள் அடிச்சாலும் குறுக்கால ‘மாதிரிப் பிரதி’ன்னு பெருசா வுழும். இருங்க.” விசைப்பலகையைத் தட்டினான். அச்சுப்பொறி ஒரு தாளைத் துப்பியது. உச்சியில் ‘நிதிமணி’ என்ற தலைப்பு; மூலைக்கு மூலை சாம்பல் நிறத்தில் கொட்டை எழுத்து, பெயர்களின் மேலேயே ஓடியது. “இத கத்தரில வெட்ட முடியாது. உங்க தாள் சுத்தமா இருக்கு. காசு கட்டுனவங்க அடிச்சது.”

ஜெயசித்ராவின் காது சூடேறியது. தாளில் இருந்ததை மட்டும் படித்துக்கொண்டு, இல்லாததைக் கவனிக்காமல் இவ்வளவு நேரம் சுற்றியிருக்கிறாள். சுவர் சுவிட்சைத் தட்டுகிற ஆளை இளக்காரமாகப் பார்த்தவள்! அந்த இளக்காரத்தில் ஒரு பங்கை இப்போது தனக்கே பரிமாறிக்கொண்டாள்.

“கரைமகள் டிரஸ்ட்டு பேர்ல யாரு காசு கட்டுனது?”

“அது... கஸ்டமர் ரகசியம், மேடம்.”

கண்ணையன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “முப்பது பொம்பளைங்க ரகசியம் சுவத்துல. உன் ஒரு கஸ்டமர் ரகசியம் மட்டும் பீரோல. நல்லாக்குது தம்பி. போலீஸ் வந்தா பீரோவ மட்டும் பாக்க மாட்டாங்க, கடைல இருக்கிற அத்தன பொட்டியையும் வண்டில ஏத்துவாங்க. உங்கம்மா படத்துக்குக் கீழ வெறும் மேசைதான் இருக்கும்.”

சரத்குமார் படத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு பீரோவைத் திறந்தான்.

ரசீது இரண்டு மாதத்துக்கு முந்தையது. மூன்று வருடச் சந்தா, திருப்பித் தரப்படாது. வாங்கியவர் கையெழுத்து தெளிவாக இருந்தது. வங்கிக்காரர்களின் கையெழுத்து எப்போதும் தெளிவாகத்தான் இருக்கும்.

“ரெண்டு மாசத்துக்கு முன்னாலயே வாங்கிட்டாரா? அப்புறம் எதுக்குச் சோதனை?”

“தலைவியம்மா திடீர்னு ரெண்டையும் போட்டுப் பாக்கணும்னுட்டாங்களாம். வாங்குனத சொல்ல வேணாம், புதுசா டிரையல் போடுன்னாரு. லைசென்ஸ அவரு வீட்டு லேப்டாப்ல ஆக்டிவேட் பண்ணச் சொன்னாரு. ஆபீஸ் லிஸ்ட்டையும் அதுல காப்பி பண்ணிக் கேட்டாரு, பண்ணிக் குடுத்தேன். இப்புடிப் பண்ணுவாருன்னு சத்தியமா தெரியாது.” குரலைத் தாழ்த்தினான். “மூணு வருஷம் எடுத்தா ஒரு டேப்லெட் ஃப்ரீ. அதையும் அன்னைக்கே வாங்கிக்கினு போயிட்டாரு.”

“ஓசில கெடைக்கிறத நம்பக் கூடாதுன்னாரே,” என்றார் கண்ணையன். “அனுபவத்துல சொல்லியிருக்காரு.”

நான்கு மணிக் கூட்டம் ஐந்து நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. பிஸ்கட் தட்டு சுற்றி வந்தது. கமலக்கண்ணன் ஒரு கோப்பைத் திறந்து, நம்பகமான நிறுவனம், அழைத்தால் வரும் ஆள், வெளிப்படையானதன் அபாயம் என்று ஆரம்பித்தார். மற்ற மூன்று அறங்காவலர்களும் தலையாட்டினார்கள். அவர்கள் மின்விசிறிக்கும் அப்படித்தான் தலையாட்டியிருப்பார்கள்.

ஜெயசித்ரா எழுந்து மூன்று தாள்களை வரிசையாக வைத்தாள். சுவரில் ஒட்டியிருந்த பட்டியல். குறுக்கே எழுத்து ஓடிய மாதிரிப் பிரதி. ரசீது.

அவள் சொல்லி முடிக்க நான்கு நிமிடம் போதுமாக இருந்தது. யாரும் பிஸ்கட்டைத் தொடவில்லை.

“நான் நல்லதுக்குத்தான் வாங்குனேன்,” என்றார் கமலக்கண்ணன். குரல் மெலிந்திருந்தது. “தள்ளுபடி முடியப்போகுதுன்னான். கேக்காம வாங்கிட்டேன். அப்புறம் தலைவி ரெண்டையும் பாக்கணும்ன்றாங்க. நாப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு கரும்புள்ளி இல்ல எனக்கு. கேக்காம செலவு பண்ணிட்டேன்னு எப்புடி எந்திரிச்சுச் சொல்லுவேன்?”

“அதுக்கு?” என்றார் பாக்கியலட்சுமி.

“பஞ்சாயத்துல நம்ம கிட்ட வந்து புகார் பண்ணுவாங்க, அந்த சாஃப்ட்வேர் வேணாம்னு முடிவாயிடும்னு நெனச்சேன். சுவத்துல ஒட்டுவாங்கன்னு யாருக்குத் தெரியும்? வெறும் பேருதானே...”

“அந்தப் பேர நீங்க படிச்சீங்களா?” என்று கேட்டாள் ஜெயசித்ரா.

அவர் கோப்பை மூடி வைத்தார். அவளே தொடர்ந்தாள்.

“படிக்கல. தலைப்ப வெட்டுனீங்க, அதுல சாஃப்ட்வேர் பேரு இருந்துச்சு. அதுக்கு அடுத்த வரிலதான் வேதவல்லி. ஊர் இல்லாத, காரணம் இல்லாத ஒருத்தி. ஒரே ஒரு வரிய கண்ணால படிச்சிருந்தாக்கூட அழிச்சிருப்பீங்க. நான் உங்கள பிடிச்சிருக்க முடியாது.”

பாக்கியலட்சுமி எழுந்து கதவருகே போனார். வெளியே காத்திருந்த கவிநிலாவைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார். “மன்னிச்சிடு பாப்பா. நான் விசாரிக்காம அனுப்பிட்டேன். வேலைக்கு வா. நீ சொன்ன சாஃப்ட்வேரே போட்டுக்கலாம்.”

ஜெயசித்ரா ஒரு வெற்றிப் புன்னகையை எதிர்பார்த்தாள். கவிநிலா சிரிக்கவில்லை.

“தப்பு என் மேலயும் இருக்கும்மா. சோதனைக்குத்தானே, பொய்ப் பேரு போடலாம்னு எனக்குத் தோணுச்சு. நெசமான லிஸ்ட்டே போடுன்னு பொருளாளர் சார் சொன்னாரு. நான் எதுத்துப் பேசல. ரெண்டுலயும் நெசப் பேரதான் போட்டோம். நான் சொன்ன சாஃப்ட்வேரா இருந்தாலும், லிஸ்ட் கைல இருக்கிறவரு அடிச்சு அனுப்பியிருந்தா இதேதான் ஆயிருக்கும்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “வரேன். ஆனா இன்னொரு ஆளுக்கும் கத்துக் குடுக்க விடுங்க. ஒருத்தர் கைலயே எல்லாம் இருக்கக் கூடாது. என் கைலயா இருந்தாலும்.”

தலையாட்டிகள் மூவரும் இதற்கும் தலையாட்டினார்கள். தீர்மானம் எழுதப்பட்டது. கமலக்கண்ணன் ராஜினாமாக் கடிதத்துக்குத் தாள் கேட்டார்.

“ராஜினாமாவா?” என்றார் பாக்கியலட்சுமி. “அத எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயி டிவி பாக்கலாம்னா? உக்காருங்க. மொதல்ல ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க.”

அரசு மருத்துவமனையின் பெண்கள் வார்டில் அன்புசெல்வி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விரலிலிருந்து தோள்வரை மாவுக்கட்டு. பாக்கியலட்சுமி எழுதித் தந்த புகார் மனுக்கள் ஜெயசித்ராவின் கையில் இருந்தன. கையை உடைத்த குப்பன்மேல் ஒன்று, பட்டியலை அனுப்பியவர்மேல் ஒன்று.

நடந்ததை ஜெயசித்ரா ஒன்றும் விடாமல் சொன்னாள். சாஃப்ட்வேர், தள்ளுபடி, ரசீது என்று சொல்லச் சொல்ல அவளுக்கே வாய் கசந்தது. ஒரு கை உடைவதற்கு இவ்வளவு அற்பமான காரணத்தை அவள் தன் பதினாறு வருடக் கோப்புகளில் பார்த்ததில்லை.

அன்புசெல்வி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அந்த ஆளுக்கு என்னைத் தெரியுமா மேடம்?”

“தெரியாது.”

“எங்க வீட்டுக்காரர?”

“தெரியாதும்மா. யாரையும் தெரியாது.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “தெரிஞ்சு பண்ணியிருந்தாலாவது சண்ட போட்டிருப்பேன்,” என்றாள்.

கண்ணையன் பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்து மூடியைத் திறந்தார். “எடது கைப் பெருவெரல் போதும்மா. செல்லும்.”

“அத மூடுங்கண்ணே. பேனா குடுங்க.”

“எடது கைலயா?”

“குடுங்க.”

அவள் பேனாவை இடது கையில் வாங்கி, கரண்டி பிடிப்பதுபோலப் பிடித்தாள். முதல் மனுவின் அடியில் மெல்ல ஒரு வளைவு போட்டாள். அது கோணிக்கொண்டு போனது. நிறுத்தினாள், பல்லைக் கடித்தாள், திரும்ப அதன் மேலேயே எழுதினாள். ‘அ’ என்ற ஓர் எழுத்துக்கே ஒரு நிமிடம் ஆனது. இன்னும் ஐந்து எழுத்து பாக்கி இருந்தது.

தாள் நகராதபடி ஜெயசித்ரா இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.